வந்துகொண்டே இருந்த நித்யகலா

பங்குனி பத்தொன்பதாம் தேதி காலையில் வேலைக்குப் போன நித்யகலா அன்று வீடு திரும்பவில்லை. அதற்குப் பதினோராம் நாள் அவள் முதல் தடவையாகத் திரும்பி வந்தாள்.

வெள்ளோடை ஊரில் தறிக்காரர் வீதியின் கடைசி வீடு அது. துளசிமணி பள்ளிக்கூடத்துச் சத்துணவுக் கூடத்தில் நானூறு பிள்ளைகளுக்குச் சமைத்துப் போட்டுவிட்டு வந்து, தன் வீட்டுக்கென்று ஒரு படி அரிசி களைந்துகொண்டிருந்தபோது வெளிக் கதவு சத்தம் கேட்டது. கிளிப்பச்சைப் பட்டுச் சேலை, கழுத்தில் வாடிய சம்பங்கி மாலை, மஞ்சள் காயாத தாலி, அதற்கு மேலே தன் மகளின் முகம், இடது காதுக்குக் கீழே தன் மகளின் மச்சம். துளசிமணியின் புருஷன் ஆறுச்சாமி தறியை ஓடவிட்டது ஓடவிட்டபடியே வந்து அந்தப் பெண்ணின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு அழுதார். வீதியே வந்து அழுதது.

"அவரோட போயிட்டேன். மன்னிச்சுக்கங்கம்மா" என்றாள் வந்தவள்.

"போனாப் போவுது சாமி. யாரு அவரு? எந்த ஊரு?"

"அவருதான்" என்றாள் அவள். அவளுக்கு அவர் பெயர் தெரியவில்லை. ஊர் தெரியவில்லை. மாலை மாற்றிய கோயில் எது என்றும் தெரியவில்லை. துளசிமணி ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு மெதுவாகக் கேட்டாள்: "அன்னிக்குக் காலைல நீயும் நானும் எதுக்கு கண்ணு சண்டை போட்டோம்?"

"சண்டையா?" என்றாள் அந்தப் பெண், அப்படியொரு வார்த்தையை அந்த வீட்டில் இப்போதுதான் கேட்கிறவளைப் போல.

அன்று காலையில், தொடர்ந்து மூன்றாம் நாளாக எலுமிச்சஞ்சோறு கட்டியதற்கு நித்யகலா முகம் சுளித்தாள். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் நானூறு பேர் வாயை மூடிக்கொண்டு தின்னும்போது உனக்கு மட்டும் நாக்கு நாலு முழமா என்று துளசிமணி கத்தினாள். டப்பாவை மேடையிலேயே வைத்துவிட்டு நித்யகலா தான் கணக்கெழுதும் மூக்குக்கண்ணாடிக் கடைக்குப் போய்விட்டாள். சண்டை அவ்வளவுதான். அது தெரியாதவள் தன் மகள் இல்லை என்று துளசிமணிக்கு அந்த நிமிஷமே தெரிந்துவிட்டது. தெரிந்தும் அவளுக்கு இலை போட்டாள், பசி என்று வாசலுக்கு வந்த யாரையும் அவள் திருப்பி அனுப்பியதில்லை.

விஷயத்தைக் கண்டுபிடித்தது எதிர்வீட்டு சரோஜா. "கலா எங்கே?" என்று செல்போனில் ஒரு குழு நடந்துகொண்டிருந்தது. வெள்ளோடையைக் கண்ணாலும் பார்த்திராத நாற்பதாயிரம் பேர் அதில் இருந்தார்கள். ஆவடியிலிருந்தும் அபுதாபியிலிருந்தும், ஆபீஸ் இடைவேளையிலும் பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பிய பிறகும், நித்யகலாவின் கடைசி போட்டோவைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்து, பஸ் வந்த நேரத்தையும் செல்போன் அணைந்த நேரத்தையும் கோடு போட்டு இணைத்து, அவள் என்ன ஆனாள் என்று தேடிக்கொண்டிருந்தார்கள். எல்லோரும் நல்லவர்கள். சரோஜாவும் அதில் ஒருத்தி. அவள் வந்ததற்கு முந்தின நாள் யாரோ ஒருவர், பக்கத்து ஊர்க் கோயிலில் பச்சைப் பட்டு, சம்பங்கி மாலையோடு ஒரு பெண்ணைப் பார்த்ததாகவும், இவள் காதலனோடு ஓடித்தான் போயிருக்கிறாள் என்றும் எழுதியிருந்தார். எண்ணூறு பேர் ஆமாம் என்று சொல்லியிருந்தார்கள்.

"அவங்க எழுதுன கலாதான் துளசி இது" என்றாள் சரோஜா, போனை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டே.

நான்காம் நாள் இரண்டாவது நித்யகலா வந்தாள். அவள் தலையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது, ஏனென்றால் அவள் கிணற்றில் விழுந்துவிட்டதாகக் குழுவில் முடிவாகியிருந்தது. அதற்குப் பிறகு கன்னடம் கலந்து பேசுகிற ஒருத்தி. அவளை பெங்களூருக்குக் கடத்திக்கொண்டு போயிருந்தார்கள். பிறகு ஏழு மாதக் கர்ப்பிணி. பிறகு நகைக்கடையில் திருடிய நகைகளை வாரிப் போட்டுக்கொண்டு கை அசைந்தாலே கலகலவென்று சத்தம் வருகிற ஒருத்தி. பிறகு ஏதோ ஆசிரமத்தின் வெள்ளைச் சேலையில் ஒருத்தி. கடைசியாக, தலையில் அடிபட்டு எல்லாவற்றையும் மறந்துபோன ஒருத்தி. அவளை மட்டும் துளசிமணி ஒன்றுமே கேட்கவில்லை. வைகாசி பிறக்கும்போது அந்த இரண்டு அறை வீட்டில் ஏழு நித்யகலாக்கள் பாய் விரித்துப் படுத்தார்கள்; ஏழு பேருக்கும் காதுக்குக் கீழே மச்சம் இருந்தது, ஏழு பேரும் சோற்றுக்கு முன்னால் தண்ணீர் குடித்தார்கள், ஏழு பேருக்கும் தங்களைப் பற்றி எழுதப்பட்டதைத் தவிர வேறொன்றும் தெரியவில்லை.

தறிக்காரர் வீதி முதல் வாரம் பயந்தது, இரண்டாம் வாரம் வேடிக்கை பார்த்தது, மூன்றாம் வாரம் பழகிவிட்டது. ஒன்பது நாளைக்கு ஒருமுறை தண்ணீர் வருகிற வீதி அது. ஈரக்காரியின் கூந்தலுக்கு அடியில் குடத்தை வைத்தால் அரை மணி நேரத்தில் நிறைகிறது என்று கண்டுபிடித்த பிறகு, பெண்கள் காலையில் வரிசையாக வந்து அவளைச் சுற்றி உட்கார்ந்து கதை பேசினார்கள். சப்பைத் தண்ணி, குடிக்க ஆகாது, பாத்திரம் கழுவலாம் என்று அதற்கும் ஒரு குறை சொன்னார்கள். கன்னடக்காரியை நூல் ஏற்ற வருகிற லாரிக்காரர்களிடம் பேசுவதற்கு அழைத்துக்கொண்டு போனார்கள். கர்ப்பிணிக்கு மாதம் ஏறவே இல்லை, வயிறு ஏழிலேயே நின்றது. இருந்தாலும் நல்ல நாள் பார்த்து வளைகாப்புப் போட்டார்கள், ஐந்து வகைச் சோறு ஆக்கினார்கள், பாட்டுப் பாடினார்கள், முடிந்ததும் கை கழுவிவிட்டு, "பாவம், எப்ப எழுதி முடிப்பாங்களோ" என்று பெருமூச்சு விட்டுப் போனார்கள். தறிகள் பாட்டுக்கு ஓடின. ரேஷன் கடைக்காரர் மட்டும் ஒரு கார்டுக்கு ஒரு கலாதான் என்று கறாராக இருந்தார்.

துளசிமணிக்கு எல்லாமே சமையலாக இருந்தது. பள்ளிக்கூடம் முடிந்து வந்தால் வீட்டில் மறுபடி அடுப்பு. தேடுவதற்கு அவளுக்கு நேரமே இல்லாமல் போயிற்று. அவள் மகள் எங்கேயோ இருந்தாள், அல்லது எங்கேயும் இல்லை. எதுவென்று நினைத்துப் பார்க்க ஒரு பத்து நிமிஷம் தனியாக உட்காரலாம் என்றால், யாராவது ஒரு நித்யகலா வந்து "அம்மா, பசிக்குது" என்றாள்.

ஆறுச்சாமிக்கு அப்படி இல்லை. அவர் பச்சைப் பட்டுக்காரியைத் தன் பெண்ணாக எடுத்துக்கொண்டார். சாயங்காலம் அவளுக்கு முறுக்கு வாங்கி வந்தார். "ஓடிப் போயி நல்லா இருந்தா அதே போதும்டி. வேற என்ன வேணும் நமக்கு?" என்றார்.

வைகாசி நடுவில் இன்ஸ்பெக்டர் வந்தார். பழைய வழக்குகள் மேசையில் குவிந்திருந்த, தூக்கம் போதாத மனிதர். ஏழு பேரையும் வரிசையாக நிறுத்திப் பார்த்தார், யாரையும் பார்த்து ஆச்சரியப்படவில்லை.

"ஏம்மா, காணோம்னு புகார் குடுத்தீங்க. ஒண்ணுக்கு ஏழா வந்திருக்குது. இதுல ஒண்ணக் காட்டி, இதுதான் எம்பொண்ணுன்னு ஒரு கையெழுத்துப் போடுங்க. கேஸ முடிச்சுரலாம்."

ஆறுச்சாமி பேனாவை வாங்கிக் கையெழுத்துப் போட்டார். பேனாவைத் துளசிமணியிடம் நீட்டினார்.

"நான் போட மாட்டேனுங்க" என்றாள் அவள்.

"ஏன்?"

"இதுகள்ல ஒண்ண நான் கலான்னு சொல்லிட்டா, அப்பறம் என்ற கலாவ யாருங்க தேடுவாங்க?"

"போடு துளசி" என்றார் ஆறுச்சாமி. "எனக்கு ஏலல. எத்தனை நாளைக்கு இப்படி?"

"எனக்கும்தான் ஏலல" என்றாள் துளசிமணி, "அதுக்காக?"

இன்ஸ்பெக்டர் காகிதத்தை மடித்து எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

இந்தச் செய்தி பொழுது சாய்வதற்குள் குழுவுக்குப் போய்விட்டது. சரோஜா கெட்ட எண்ணத்தோடு சொல்லவில்லை, கேட்டார்கள், சொன்னாள். மகள் கிடைத்துவிட்டாள் என்று கையெழுத்துப் போட ஒரு தாய் ஏன் மறுக்க வேண்டும் என்று நாற்பதாயிரம் பேரும் யோசித்தார்கள். மகளைக் காணோம் என்று முன்பு டி.வி.யில் பேட்டி கொடுத்தபோது அவள் அழவில்லை என்பதை ஒருவர் கண்டுபிடித்தார். அன்று காலையில் அந்த வீட்டில் சத்தம் கேட்டது உண்மைதானே என்று ஒருவர் சரோஜாவைக் கேட்டார், உண்மைதான் என்றாள். பெரிய அடுப்பும் பெரிய பாத்திரங்களும் அவள் கைவசம் இருப்பதை இன்னொருவர் நினைவூட்டினார். எல்லாவற்றையும் சேர்த்து ஷர்மிளா என்பவள் எழுதினாள். குழுவை நடத்துகிறவளே அவள்தான். ஆவடியில் வீட்டிலிருந்தபடி கம்ப்யூட்டரில் தட்டச்சு வேலை பார்க்கிறவள், வீட்டை விட்டு அதிகம் வெளியே போகாதவள், நித்யகலாவுக்காக உண்மையாகவே விரதம் இருந்தவள். பெற்ற தாயே இரண்டு கைகளாலும் கழுத்தை நெரித்தாள் என்று அவள் எழுதியது மிகவும் நன்றாக இருந்தது. படித்தவர்கள் எல்லோரும் அதைத் தங்களுக்குத் தெரிந்தவர்களுக்கு அனுப்பினார்கள்.

மறுநாள் காலையில் எட்டாவது நித்யகலா வந்தாள்.

அவள் கதவைத் திறக்கவில்லை. வெளியே வேப்பமரத்தடியில் நின்றாள். நித்யகலா வேலைக்குப் போட்டுக்கொண்டு போன அதே நீலச் சுடிதார். கழுத்தில் இரண்டு பக்கமும் கன்றிப்போன விரல் தடங்கள். மற்ற ஏழு பேரும் வாசலுக்கு வந்து எட்டிப் பார்த்தார்கள். துளசிமணி காப்பித் தம்ளரோடு இறங்கி வந்தபோது அந்தப் பெண் இரண்டு கையாலும் கழுத்தைப் பொத்திக்கொண்டு வீதிமுனை வரைக்கும் ஓடினாள். துளசிமணி தம்ளரை மரத்தடியில் வைத்துவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்ட பிறகுதான் திரும்பி வந்து குடித்தாள். அதன்பிறகு தினமும் அப்படித்தான் நடந்தது.

ஏழு நித்யகலாக்களுக்குப் பழகிவிட்ட வீதி எட்டாவது பெண்ணுக்குப் பழகவில்லை. பாத்திரம் கழுவத் தண்ணீருக்கு வந்தவர்கள் துளசிமணியின் முகத்தைப் பார்க்காமல் குடத்தை எடுத்துக்கொண்டு போனார்கள். பிறகு வருவதையும் நிறுத்திவிட்டார்கள்; ஈரக்காரியின் தண்ணீர் படிவழியே இறங்கிச் சாக்கடைக்கு ஓடியது. ஆறுச்சாமி அவளிடம் எதையும் கேட்கவில்லை. தறிக்கூடத்திலேயே சாப்பிட ஆரம்பித்தார். பள்ளிக்கூடம் திறந்த முதல் நாள் சத்துணவு அமைப்பாளர், "பெத்தவங்க பயப்படறாங்க துளசிமணி. விசாரணை முடியட்டும்" என்று கரண்டியை வாங்கி வைத்துக்கொண்டார். பத்தொன்பது வருஷம் பிடித்த கரண்டி.

இன்ஸ்பெக்டர் ஒரு அளவு நாடாவோடு வந்தார். மரத்தடிப் பெண்ணை இரண்டு பெண் போலீஸ்காரர்கள் பிடித்துக்கொள்ள, துளசிமணியின் விரல் ஒவ்வொன்றையும் அளந்து, கழுத்துத் தடம் ஒவ்வொன்றையும் அளந்தார். அடுப்பில் சுட்டு வளைந்துபோன வலது சுண்டுவிரல் உட்படப் பத்தும் பொருந்தின. பொருந்தாமல் எப்படி இருக்கும்? அவள் கைகளையே பார்த்துத்தானே எழுதினார்கள், டி.வி. பேட்டியில் மடிமேல் கிடந்த அந்தக் கைகளை நாற்பதாயிரம் பேரும் பெரிதாக்கிப் பார்த்திருந்தார்கள்.

"என்னம்மா சொல்றீங்க?"

"எங்கைதானுங்க" என்றாள் துளசிமணி. "ஆனா நான் பண்ணலீங்க."

அவளை வேனில் ஏற்றும்போது நகைக்காரி மட்டும் கலகலவென்று கொஞ்ச தூரம் பின்னாலேயே ஓடி வந்தாள்.

சிறையில் அவளை இருபத்தாறு நாள் வைத்திருந்தார்கள். துளசிமணிக்கு அங்கே ஒரு விஷயம் பிடித்திருந்தது, அதை நினைத்து அவளுக்கே வெட்கமாகவும் இருந்தது: அங்கே யாரோ சமைத்தார்கள், அவள் சாப்பிட்டாள், "அம்மா பசிக்குது" என்று யாரும் வரவில்லை. சுவரில் சாய்ந்து உட்கார்ந்து, இத்தனை மாதத்தில் முதல் தடவையாகத் தன் ஒரே மகளைப் பற்றி மட்டும் நினைத்தாள். நினைக்க நினைக்க அவள் செத்துப்போயிருப்பாள் என்று பட்டது. எப்படிச் செத்தாள் என்று மட்டும் துளசிமணி கற்பனை செய்யவே இல்லை. தான் ஒன்றை நினைத்து, அப்படியும் ஒருத்தி வந்து வாசலில் நின்றுவிட்டால் அவளுக்கும் சோறு போட வேண்டுமே.

ஆனிக் கடைசியில் பாசன வாய்க்காலின் மதகை அடைத்தார்கள். தூர்வாரப் போன ஆட்கள் பைபாஸ் பாலத்துக்கு அடியில், கல்லைக் கட்டி இறக்கிய ஒரு தார்ப்பாய்ச் சுருட்டைக் கண்டார்கள். உள்ளே எலும்பும், நீலத் துணியும், மூக்குக்கண்ணாடிக் கடையின் அடையாள அட்டையும் இருந்தன. தார்ப்பாயில் பெயிண்டால் எழுதிய வண்டி நம்பர் அழியாமல் இருந்தது. கறிக்கோழி ஏற்றுகிற வண்டி அது. இரண்டு நடை ஓட்டிவிட்டு மூன்றாம் நடைக்குப் போன டிரைவர், கண் சொக்கி, சாயங்காலம் ஆறேகாலுக்கு ரோட்டோரம் நடந்து வந்தவளை அடித்துவிட்டான். பயந்துபோய் வண்டிக்குள் தூக்கிப் போட்டான். அப்புறம் வாய்க்காலில் விட்டான். கேட்டதும் ஒப்புக்கொண்டான். அவனுக்கு இரண்டு பெண் குழந்தைகள். அவன் நித்யகலாவை அதற்கு முன் பார்த்ததில்லை, அவள் பெயரும் அவனுக்குத் தெரியாது.

காதலன் இல்லை, கிணறு இல்லை, பெங்களூர் இல்லை. தூக்கக் கலக்கத்தில் ஒரு கோழி வண்டி. நாற்பதாயிரம் பேரில் ஒருவர்கூட அதை எழுதியிருக்கவில்லை. "இவ்வளவுதானா?" என்று குழுவில் ஒருவர் கேட்டார். நிறையப் பேர் மெழுகுவர்த்தி போட்டோ போட்டார்கள். அடுத்த வாரம் வேறொரு ஊரில் ஒரு கல்லூரி மாணவி காணாமல் போனாள். எல்லோரும் அங்கே போய்விட்டார்கள்.

துளசிமணியை விட்டுவிட்டார்கள். அவள் வந்து சேர்ந்ததும் எலும்பை வாங்கி எரித்தார்கள். வீதி மொத்தமும் வந்தது, சரோஜா எல்லோரையும் விடச் சத்தமாக அழுதாள். ஏழு நித்யகலாக்களும் தலைக்கு ஊற்றிக்கொண்டு வந்து தங்களுடைய சிதையை மூன்று சுற்றுச் சுற்றினார்கள்; எட்டாவது தூரத்தில் நின்றாள். ஆறுச்சாமி துளசிமணியின் காலடியில் உட்கார்ந்து, "நான் கேக்கவே இல்லியேடி உங்கிட்ட" என்றார். "கேட்டிருந்தா சொல்லியிருப்பேன்" என்றாள் அவள், அதற்கு மேல் பேச அவளுக்குத் தெம்பில்லை.

குழுவில் தங்களைப் பற்றிப் பேச ஆளில்லாமல் போனதும் அந்தப் பெண்கள் லேசாகிக்கொண்டே வந்தார்கள். ஈரக்காரியின் தலை ஒருநாள் காய்ந்துவிட்டது. அன்று மத்தியானமே அவளைக் காணோம், பாய் மட்டும் வெயிலில் கிடந்தது. கன்னடக்காரி ஒரு நூல் லாரியில் ஏறிப் போனாள். கர்ப்பிணி, நகைக்காரி, வெள்ளைச் சேலை, மறதிக்காரி ஒவ்வொருவராகப் போனார்கள், சொல்லிக்கொண்டு போனவர்களும் உண்டு, சொல்லாமல் போனவர்களும் உண்டு. பச்சைப் பட்டுக்காரி போன அன்று ஆறுச்சாமி தறி ஓட்டவில்லை.

மரத்தடிப் பெண் மட்டும் லேசாகவில்லை.

ஆடி மாதத்தில் ஒருநாள் ஷர்மிளா வந்தாள். ஒல்லியான, வெயிலுக்குக் கண் கூசுகிற முப்பத்தைந்து வயதுப் பெண். பையில் ஆரஞ்சுப் பழம் வைத்திருந்தாள். தான் யாரென்று சொல்லிவிட்டு வாசற்படியிலேயே நின்றாள்.

"எழுதினதை அழிச்சிட்டேம்மா. மன்னிப்புக் கேட்டும் எழுதினேன்."

"எத்தனை பேரு படிச்சாங்க?"

"நூத்தி ஏழு பேரு."

"முன்னாடி எழுதுனத?"

ஷர்மிளா பழப்பையைப் படியில் இறக்கி வைத்தாள். பிறகு, "இப்பவும் படிச்சிட்டிருக்காங்கம்மா. யாரு யாரோ எடுத்து வச்சிருக்காங்க. என்னால ஒண்ணும் பண்ண முடியல" என்றாள். மரத்தடியைத் திரும்பிப் பார்த்தாள். தான் எழுதிய கழுத்தைப் பார்த்தாள். சுண்டுவிரல் தடத்தின் வளைவுகூட அவள் எழுதிய மாதிரியே இருந்தது. வாயில் துப்பட்டாவை அழுத்திக்கொண்டாள். துளசிமணி அவளுக்கும் ஒரு தட்டில் சோறு போட்டாள். ஷர்மிளா பாதிக்கு மேல் சாப்பிட முடியாமல், தட்டைத் தானே கழுவி வைத்துவிட்டு, நாலு மணி பஸ்ஸுக்குப் போனாள்.

அவள் போன பிறகு துளசிமணி வெளியே வந்தாள். இந்த முறை அந்தப் பெண் ஓடவில்லை. மரத்தில் முதுகை ஒட்டிக்கொண்டு நின்றாள்.

"நீங்க பண்ணலைன்னு எனக்குத் தெரியும்மா" என்றாள். "ஊருக்கே தெரிஞ்சுபோச்சு. ஆனா உங்க கை கிட்ட வந்தா எங்கழுத்து வலிக்குது. நான் என்ன பண்றது?"

துளசிமணி தன் கைகளைப் பார்த்தாள். வெங்காயமும் உப்பும் தின்று தோல் தடித்த கைகள். அவற்றை எங்கே வைத்துக்கொள்வது என்று அவளுக்குத் தெரியவில்லை. அப்புறம் உள்ளே போய்ச் சீப்பும் எண்ணெய்க் கிண்ணமும் எடுத்துக்கொண்டு வந்து, மரத்துக்கு நாலடி தள்ளி மண்ணில் வைத்தாள். அந்தப் பெண்ணுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். கைகள் இரண்டையும் முந்தானையால் சுற்றி மடியில் புதைத்துக்கொண்டாள். கொண்டையை மட்டும் தளர்த்திவிட்டாள்.

"நான் உன்னத் தொடல சாமி" என்றாள். "ஜெயிலுக்குப் போனதுலருந்து தல வாரவே இல்ல. சிக்குப் புடிச்சுக் கெடக்குது. முடிஞ்சா நீ வாரி உடு."

தறிகள் ஓடிக்கொண்டிருந்தன. எதிர்வீட்டு ஜன்னலில் சரோஜா நின்று பார்த்தாள், அதைப் பற்றி யாருக்கும் எதுவும் எழுதவில்லை. வெகுநேரம் ஒன்றும் நடக்கவில்லை. துளசிமணி திரும்பிப் பார்க்கவில்லை. பிறகு மண்ணில் காலடிச் சத்தம் கேட்டது, நின்றது, மறுபடி கேட்டது. கிண்ணம் நகர்ந்தது. எண்ணெய் தோய்ந்த விரல்கள் அவள் உச்சந்தலையில் வந்து இறங்கின. முதலில் பயந்துபோய், பின்பு பயமில்லாமல். சிக்கை அடியிலிருந்து பிரித்தெடுக்கத் தெரிந்த விரல்கள். அதை யாரும் எழுதிக் கொடுத்திருக்கவில்லை.

"வலிக்குதாம்மா?" என்று கேட்டாள் அந்தப் பெண்.

துளசிமணி உட்கார்ந்தபடியே தூங்கிப்போயிருந்தாள்.